நாளமில்லாச் சுரப்பிகள் உடம்பில் எங்கே இருக்கின்றன? தில்லித் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லியில் படிக்கும் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இந்தச் சுரப்பிகளின் படத்தை வரைந்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெயர் எழுதுகிறார்கள். அதே வீட்டில் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை, தாத்தாவுக்கு இன்சுலின், அக்காவுக்கு "நீர்க்கட்டி" என்று ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். படத்தில் பார்த்ததையும் ரிப்போர்ட்டில் படித்ததையும் பொருத்தித் தமிழில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாகிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

நாளமில்லாச் சுரப்பின்னா ரத்தக் குழாய் இல்லாத சுரப்பியா? பாட்டுல "நரம்பு நாளம்"னு வருதே!

நேர் எதிர். ரத்தக் குழாயையும் நாளம் என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. இங்கே நாளம் என்பது, ஒரு சுரப்பி தான் சுரந்ததை வெளியே அனுப்பும் தனிக்குழாய். காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அப்படி ஒரு குழாய் உண்டு. மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் தடவினால் சிறு மொட்டுப் போல ஒன்று தட்டுப்படும். அதுதான் அந்தக் குழாயின் வாய். எலுமிச்சங்காயை நறுக்கும்போது ஊறுவது அதன் வழியாகத்தான் வருகிறது.

நாளமில்லாச் சுரப்பிக்கு இந்தக் குழாய் கிடையாது. சுரந்ததை, அதாவது ஹார்மோனை, நேரே ரத்தத்தில் விடும். அதனால் மற்ற பாகங்களைவிட இவற்றில் ரத்த ஓட்டம் அதிகம். ரத்தம் போகும் இடமெல்லாம் ஹார்மோனும் போகும். சுரப்பி கழுத்தில் இருக்க, தொந்தரவு காலில் வீக்கமாகவோ தலையில் முடி உதிர்வாகவோ தெரிவது இதனால்தான். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

மொத்தம் எத்தனை? தலையிலிருந்து கீழ வரைக்கும் வரிசையா சொல்லுங்களேன்.

தலைக்குள் ஹைப்போதலாமஸ், அதன் அடியில் பிட்யூட்டரி, மூளையின் நடு ஆழத்தில் பினியல். முன்கழுத்தில் தைராய்டு, அதன் முதுகோடு ஒட்டி நான்கு பாராதைராய்டுகள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம், இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் ஒவ்வோர் அட்ரினல். பெண்களுக்கு இடுப்புக்குழிக்குள் கருப்பையின் இரு பக்கமும் சினைப்பை, ஆண்களுக்கு உடலுக்கு வெளியே விரைப்பையில் விரைகள்.

"எத்தனை" என்பதற்கு ஒரே எண் கிடையாது. தைமஸையும் ஹைப்போதலாமஸையும் சேர்க்கும் புத்தகம் உண்டு, விடும் புத்தகமும் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை தன் பாடநூல் படத்தில் உள்ள பெயர்களையே எழுதட்டும்.

ஆஸ்பத்திரியில "கிரந்தி"ன்னாங்க. எங்க பாட்டி பயந்துட்டாங்க. ஊர்ல கிரந்தின்னா வேற வியாதியாச்சே?

பாட்டி பயந்ததில் தப்பில்லை. தமிழ்நாட்டில் கிரந்தி என்றால் கைக்குழந்தைக்கு உடம்பில் வரும் தடிப்பு, புண். பெரியவர்களுக்குச் சொன்னால் மேகநோய் என்றும் பொருள். இந்தியில் க்ரந்தி என்றால் வெறுமனே சுரப்பி. நோய் என்ற அர்த்தமே அதில் இல்லை.

இந்திப் பாடநூலில் பீயூஷ் க்ரந்தி என்பது பிட்யூட்டரி, அவடு க்ரந்தி என்பது தைராய்டு, அக்ன்யாஷய் என்பது கணையம். அதிவ்ருக்க என்பது அட்ரினல். வ்ருக்க என்றால் சிறுநீரகம், அதன் மேலே இருப்பதால் அதி. பேச்சில் டாக்டர்களும் நர்சுகளும் தைராய்டு, பேன்க்ரியாஸ் என்றே சொல்வார்கள். "காண்ட்" என்று சொன்னால் மட்டும் கவனியுங்கள். அது கட்டி, முடிச்சு என்ற பொருளில் வருவது. எங்கே, எவ்வளவு பெரிது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிட்யூட்டரி மூளைக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?

மூளையின் அடியில், ஒரு காம்பில் தொங்குகிறது. பட்டாணி அளவு, எடை ஏறத்தாழ அரை கிராம். மண்டையோட்டின் தளத்தில் ஸ்பீனாய்டு என்ற எலும்பு குதிரைச் சேணம் போலக் குழிந்து இதற்கு இருக்கை கொடுக்கிறது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் "செல்லா" என்று வருவது அந்தக் குழியைத்தான். மூக்குத்தண்டின் மேல்முனையிலிருந்து நேராகப் பின்னால் ஒரு கோடும், இரண்டு நெற்றிப்பொட்டுகளுக்கும் இடையே ஒரு கோடும் போட்டால், அவை சந்திக்கும் இடத்துக்கு அருகில் இது இருக்கும். இதில் கட்டி வந்தால் பெரும்பாலும் மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே அறுவை செய்ய முடிவது இந்த இடத்தால்தான்.

இதற்கு நேர் மேலே இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்தச் சந்திப்பு நசுங்கி, இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். நேரே உள்ளது தெளிவாகத் தெரியும்; பக்கத்தில் வரும் ஆட்டோ தெரியாது, கதவு நிலையில் தோள் இடிக்கும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் சரியாகாத இந்த மாதிரிப் பார்வைக் குறைவு இருந்தால், பக்கப் பார்வைச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவம் பற்றியும் ஒன்று. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது. அந்த நிலையில் பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டால் அதற்கு ரத்தம் போதாமல் பகுதி செத்துப்போகலாம். தாய்ப்பால் சுரக்கவே இல்லை, பால் கொடுக்காதபோதும் மாதவிடாய் திரும்பவில்லை, எப்போதும் சோர்வு என்றால் "பிரசவம் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனது என்பதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். வருடங்கள் கழித்துப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை.

ஹைப்போதலாமஸ் மூளையா, சுரப்பியா?

இரண்டும். மூளையின் ஒரு பகுதி, எடை சுமார் 4 கிராம், பிட்யூட்டரிக்கு மேலே. பிட்யூட்டரியின் முன்பகுதி எப்போது எதைச் சுரக்க வேண்டும் என்று ரத்தத்தில் செய்தி அனுப்புகிறது. பின்பகுதி விடும் இரண்டு ஹார்மோன்களையும், அதாவது சிறுநீரைக் கட்டுப்படுத்துவதையும் பிரசவ வலிக்கும் பால் இறங்குவதற்கும் உதவும் ஆக்சிடோசினையும், ஹைப்போதலாமஸே தயாரித்து நரம்பிழை வழியாகக் கீழே அனுப்புகிறது. பின்பகுதி அவற்றுக்குக் கிடங்கு மட்டுமே. பரீட்சையில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

சி.டி. ஸ்கேன்ல பினியல்ல கால்சியம் படிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. பினியல் மூளையின் நடுவில், இரு பாதிகளுக்கும் இடையே, 5 முதல் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இருட்டியதும் மெலடோனின் சுரந்து உடம்புக்கு இரவு என்று அறிவிக்கிறது. வளர்ந்தவர்கள் பலருக்கு இதில் சுண்ணாம்பு படிவது இயல்பு. சின்னக் குழந்தைக்கு அப்படி வந்தாலோ, அளவு பெரிதாக இருப்பதாக எழுதியிருந்தாலோ கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தைராய்டு சரியா எந்த இடம்? நானே தொட்டுப் பார்த்துக்கலாமா?

தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் சங்கு தைராய்டு அல்ல. அது குரல்வளையின் குருத்தெலும்பு. அதிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஒரு சிறு பள்ளம், பிறகு மோதிரம் போன்ற ஒரு வளையம், அதற்கும் கீழேதான் தைராய்டு. மூச்சுக்குழாயின் இரண்டாவது முதல் நான்காவது வளையங்களின் மேல் அதன் நடுப்பகுதி பாலம் போலக் கிடக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு மடல். விரித்த பட்டாம்பூச்சி போல, 15 முதல் 25 கிராம் எடை. இயல்பான தைராய்டு கைக்கு அவ்வளவாகத் தட்டுப்படாது. அதனால் தொட்டுப் பார்ப்பதைவிடக் கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, தாடையைச் சற்று மேலே தூக்கி, வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்து விழுங்குங்கள். சங்குக்கும் காறை எலும்புகளின் நடுப்பள்ளத்துக்கும் இடைப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். அங்கே ஒரு மேடு தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டு வீக்கமாக இருக்கலாம். தைராய்டு மூச்சுக்குழாயோடு கட்டப்பட்டிருப்பதால் விழுங்கும்போது அதனுடனேயே ஏறுகிறது. சங்கு ஏறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு; அது எல்லோருக்கும் ஏறும். மேடு எதுவும் தெரியாவிட்டாலும் தைராய்டு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

கழுத்துல எந்தக் கட்டி வந்தாலும் தைராய்டுதானே?

இல்லை. தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்தின் பக்கவாட்டில் வருவது பெரும்பாலும் நெறி கட்டுவது, அதாவது நிணநீர் முடிச்சு வீங்குவது. பல்வலி, தொண்டைப் புண், தலையில் பேன் புண் வந்தால்கூடக் கட்டும், தானே வற்றும். நிணநீர் முடிச்சு ஹார்மோன் சுரப்பதில்லை. அது நாளமில்லாச் சுரப்பியே அல்ல.

பெரியவர்கள் கண்டமாலை என்பதும் தைராய்டு அல்ல. கழுத்தில் மாலை போல வரிசையாக முடிச்சுகள் வீங்குவது அது. காசநோய் முக்கியமான காரணம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வற்றாத முடிச்சு, கூடவே மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தைராய்டு டெஸ்ட் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

தைராய்டு வீங்கியிருந்தா ஹார்மோன் அதிகமா சுரக்குதுன்னுதானே அர்த்தம்?

வீக்கம் அளவைச் சொல்கிறது, சுரப்பைச் சொல்வதில்லை. முன்கழுத்துக் கழலை இருப்பவருக்கு ஹார்மோன் அதிகமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். அயோடின் போதாதபோது சுரப்பி, கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்து வைக்கப் பாடுபட்டுப் பெரிதாகிறது. அதாவது குறையினால் வரும் வீக்கம்.

தில்லிக்கு வடக்கே இமயமலை அடிவாரம் இதற்குப் பேர்போனது. மழையும் பனியாறும் மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் மற்றப் பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அயோடின் உப்பு கொடுத்த இடங்களில் கழலை குறைந்தது. 1962-இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்க அது வழி செய்தது. ராமலிங்கசுவாமி பின்னர் தில்லி எய்ம்ஸின் இயக்குநரானார்.

இன்று வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைய தேவை 150 மைக்ரோகிராம்தான். ஆனால் டப்பாவைத் திறந்து அடுப்பருகே வைத்தால் அயோடின் குறையும். மூடி வையுங்கள், கொதித்து இறக்கும் நேரத்தில் போடுங்கள். தில்லிக் கடைகளில் நவராத்திரி விரதத்துக்கு விற்கும் சேந்தா நமக், அதாவது இந்துப்பு, பொதுவாக அயோடின் கலக்காதது. விரத நாளுக்குச் சரி. "இயற்கையானது" என்று வருடம் முழுக்க அதற்கே மாறிவிடுவது, முக்கியமாகக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில், நல்லதல்ல. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

தைராய்டு மாத்திரைக்கு அப்புறம் காபி குடிக்கலாமா? டெஸ்ட் அன்னிக்கு மாத்திரை போடலாமா?

சுரப்பி இருக்கும் இடத்தைப் பற்றிய பக்கத்தில் இந்தக் கேள்வி வரக் கூடாதுதான். ஆனால் இதைவிட அதிகம் கேட்கப்படும் கேள்வி வேறில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கும் இட்லிக்கும் முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். பல் தேய்த்த கையோடு டிகாக்‌ஷன் காபி குடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் காபி மாத்திரையை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பலருக்கு டோஸ் ஏறிக்கொண்டே போவதற்கு இந்த இரண்டுதான் காரணம்.

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவு ஒரே நாளில் ஏறி இறங்கும், பிற்பகலில் குறைவாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் காலையில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அது பரிசோதனை எந்திரத்தைக் குழப்பி, இல்லாத தைராய்டு நோயை இருப்பதாகக் காட்டும்.

பாராதைராய்டுன்னா தைராய்டோட ஒரு பாகமா?

பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். தைராய்டின் பின்புறம் மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றும் பருப்பு அளவு, 50 மில்லிகிராமுக்கும் குறைவு. வேலையும் வேறு: ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது. மனித உடலில் இதைத் தனி உறுப்பாக 1880-இல் விவரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அதற்கு முன்பே லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் இதைக் கண்டிருந்தார்.

தைராய்டு அறுவைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல இருந்தால், கை விரல்கள் இழுத்துக்கொண்டால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவையில் இந்தச் சின்னச் சுரப்பிகளோ அவற்றுக்குப் போகும் ரத்தமோ பாதிக்கப்பட்டு, முதல் சில நாட்களில் கால்சியம் இறங்கியிருக்கலாம். மாறாக இவற்றில் ஒன்று பெரிதாகி அதிகம் சுரந்தால், எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரகத்தில் கல்லாகும். திரும்பத் திரும்பக் கல் வருகிறவருக்குக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்ப்பது இதற்காகத்தான். விட்டமின் டி குறைவாக இருந்தாலும் இந்த ஹார்மோன் ஏறும் என்பதால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குழந்தையோட எக்ஸ்ரேல நெஞ்சு நடுவுல பெரிய நிழல் தெரியுது. தைமஸ்னாங்க. எடுத்துடணுமா?

வேண்டாம். தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு உடம்பளவோடு பார்த்தால் பெரியது. வயது வந்தபின் சுருங்கிக் கொழுப்பாகிறது. அதனால்தான் குழந்தையின் எக்ஸ்ரேயில் படகின் பாய் போன்ற நிழல், தாத்தாவின் எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை இங்கேதான் பயிற்சி பெறுகிறது.

எனக்கு சுகர் இருக்கு. கணையம் வலிக்கவே இல்லையே?

சர்க்கரை நோயில் கணையம் வலிக்காது. கணையம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, வலமிருந்து இடமாகப் படுத்திருக்கிறது. அதன் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள், வால் மண்ணீரலை நோக்கி. பெரும்பகுதி செரிமான நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும் நாளமுள்ள சுரப்பி. அதற்குள் கடலில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் சுமார் பத்து லட்சம் சிறு திட்டுகள்தான் இன்சுலின் சுரப்பவை. எடையில் அவை நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றைக் கண்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. 1921-இல் டொரன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோதுதான் அந்தத் தீவுகளின் அருமை உலகத்துக்குப் புரிந்தது.

கணையம் வலித்தால் அது வேறு நோய். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும், வாந்தி வரும். அது கணைய அழற்சியாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அண்ணன் கிட்னி குடுக்கப் போறாரு. அட்ரினலும் கூடவே போயிடுமா?

போகாது. அட்ரினல் சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருந்தாலும் தனி உறுப்பு. தனி ரத்தக் குழாய்கள், நடுவே கொழுப்பு. வலப்பக்கத்தது முக்கோணம் போல, இடப்பக்கத்தது பிறை போல; ஒவ்வொன்றும் 4, 5 கிராம். தானத்துக்குச் சிறுநீரகம் எடுக்கும்போது அட்ரினலை அதன் இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

ஒரு சுரப்பி என்று சொன்னாலும் இதில் இரண்டு இருக்கின்றன. வெளிப்புறணி கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் முதலியவற்றையும், உள்ளே இருக்கும் மையம் அட்ரினலினையும் சுரக்கின்றன. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது மையத்தின் வேலை. புறணி இல்லாமல் உயிர் தங்காது.

மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டேன். நல்லாயிடுச்சுன்னு நானே நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரினல் புறணி தூங்கிப்போகும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், தூங்கும் சுரப்பி எழுவதற்குள் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெயர், சேர்மானம் எதுவும் எழுதாத பொட்டலத்தில் வரும் வலிப் பொடிகளிலும் இந்த ஆபத்து உண்டு. பல வருட மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துபோய், சில மாதத்தில் முகம் உருண்டை ஆனால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அதையும் சட்டென்று நிறுத்தாமல் பொட்டலத்தோடு டாக்டரைப் பாருங்கள்.

பொண்ணுக்கு 16 வயசு. ஸ்கேன்ல ஓவரில நிறைய நீர்க்கட்டின்னு வந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா?

முதலில் மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறை நாம் நீர்க்கட்டி என்று சொல்வதுதான் பாதிப் பயத்துக்குக் காரணம். சினைப்பை பாதாம் பருப்பின் உருவம், சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். அதில் தெரியும் 2 முதல் 9 மில்லிமீட்டர் குமிழ்கள் கட்டிகளே அல்ல. முட்டை வளரும் பைகள். பாதியில் வளர்ச்சி நின்று ஓரத்தில் வரிசையாகத் தெரிகின்றன. வெட்டி எடுக்க அங்கே ஒன்றுமில்லை.

2003-இல் ராட்டர்டாமில் வகுத்த முறைப்படி, மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கான அறிகுறி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் பெரியவர்களுக்கே இந்த நோய் என்பார்கள். அதுவும் தைராய்டு கோளாறும், பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான ப்ரோலாக்டினின் கோளாறும் இல்லை என்று உறுதி செய்த பிறகு. பூப்பெய்தி 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் நலமான சினைப்பையும் அப்படித் தெரியும். ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் போங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, இடுப்புக்குழி ஆழத்தில் இருக்கும் சினைப்பையைப் பார்க்க வழிவிடும்.

பையனுக்கு ஒரு பக்கம் விரை இறங்கல. பெரியவனானா தானா இறங்கிடும்ங்கறாங்க, சரியா?

ஆறு மாதம் வரை காத்திருக்கலாம். விரை கருவில் சிறுநீரகத்துக்கு அருகே உண்டாகி, பிறப்பதற்குள் பைக்கு இறங்கி வருவது. குறைமாதக் குழந்தைகளுக்கு இறங்காமல் நிற்பது அதிகம். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒன்று ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கிவிட வேண்டும். விந்தணு உண்டாக உடல் சூட்டைவிடச் சுமார் 2 டிகிரி குறைவு தேவை. மேலேயே நின்றால் அது கெடும், பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். குளிப்பாட்டும்போது வெந்நீரில் பை தளர்ந்திருக்கும். அப்போது பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஈரல், கிட்னி, இதயம் எல்லாம்கூட ஹார்மோன் சுரக்குதாமே? அப்புறம் ஏன் படத்துல இல்ல?

சுரக்கின்றன. அவற்றின் முதல் வேலை வேறு என்பதால் படத்தில் இடமில்லை. சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் சுரந்து ரத்தம் ஊறச் செய்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு ரத்தசோகை வருவதும், அதற்கு ஊசி போடுவதும் அதனால்தான். இதயம், இரைப்பை, கொழுப்புத் திசு எல்லாமே ஹார்மோன் விடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், ஹார்மோன் என்ற சொல்லே 1905-இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் வழங்கியது. அவரும் பேலிஸும் 1902-இல் கண்டுபிடித்த செக்ரெட்டின் வந்தது படத்தில் இல்லாத சிறுகுடலிலிருந்து. நஞ்சுக்கொடி பத்து மாதம் மட்டுமே இருக்கும் தற்காலிகச் சுரப்பி. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் கோடு விழச் செய்வது அதன் ஹார்மோன்.

சுரப்பி இடம் மாறி இருக்க முடியுமா?

முடியும். தைராய்டு கருவில் நாக்கின் அடியில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்குகிறது. சிலருக்கு இறங்காமல் நாக்கின் வேரிலேயே நின்றுவிடும். வந்த வழி மூடாமல் இருந்தால் கழுத்தின் நடுவில் நீர் கோத்த ஒரு கட்டி வரும். மேலே சொன்ன விழுங்கும் சோதனையில் அதுவும் ஏறும். ஆனால் நாக்கை வெளியே நீட்டினாலும் ஏறும், தைராய்டு அப்படி ஏறாது. அந்தக் கட்டியை எடுக்குமுன் தைராய்டு அதன் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். சிலருக்கு அந்தக் கட்டியில் இருப்பதுதான் ஒரே தைராய்டு.

கீழ்ப்பாராதைராய்டுகள் தைமஸோடு சேர்ந்து பிறந்து இறங்குபவை. வழியில் நிற்காமல் நெஞ்சுக்குள் போய்விடுவதும் உண்டு. கழுத்தைத் திறந்து தேடியும் கிடைக்கவில்லை என்றால் அறுவை மருத்துவர் தைமஸில் தேடுவது அதனால்தான்.

ஒரு சுரப்பிய எடுத்துட்டா மனுஷன் வாழ முடியுமா?

இன்று முடியும், இல்லாததை வெளியிலிருந்து கொடுத்துவந்தால். தைராய்டு போனால் தினம் ஒரு மாத்திரை. பாராதைராய்டு போனால் கால்சியமும் விட்டமின் டி மருந்தும். கணையம் முழுதும் போனால் இன்சுலினோடு சாப்பாட்டுக்குச் செரிமான நொதி மாத்திரை. இரட்டை வேலை செய்த சுரப்பி அல்லவா. ஒரு சிறுநீரகம், ஒரு சினைப்பை, ஒரு விரை, ஓர் அட்ரினல் போனால் பெரும்பாலும் மற்றது ஈடுகட்டும்.

இரண்டு அட்ரினலும் வேலை செய்யாதவர்களும், பிட்யூட்டரி கெட்டதால் கார்டிசால் சுரக்காதவர்களும்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடம்பு தானே கார்டிசாலைக் கூட்டும். இவர்களுக்கு அது முடியாது. அதனால் காய்ச்சல் நாட்களில் மாத்திரையை இரண்டு மடங்காக்கும்படி டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான் வழி, உடனே. இதை ஒரு சிறு அட்டையில், நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வீட்டாரின் போன் எண்ணோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு இது இன்னும் முக்கியம். மயங்கி விழுந்தவரை மெட்ரோ நிலையத்திலிருந்து தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. அட்டையைப் படிக்கத் தெரிந்திருக்கும்.